களையும் பயிரும்

களை எடுக்கப் புகுவோன் முதலில் பயிர் இன்னது என்று அறிந்திருத்தல் வேண்டும். அஃதறியாதான் கையில் களைக்கொட்டைக் கொடுத்தால் மாலைப்பொழுதில் வயல் தூய்மையாகவே காணப்படும். அறுவடை நாளிலோ அரிவாளுக்கு வேலை இராது. இவ்வெளிய உண்மை வயலுக்கு மட்டுமன்றி எழுத்துக்கும் பொருந்தும் என்பதனைச் சென்ற கோடை விடுமுறையில் யாம் பட்டறிந்தோம். பட்டறிந்ததனைக் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்கட்கும் ஆசிரியர்கட்கும் பழைய மாணவர்கட்கும் உரைத்தல் கடமை எனக் கருதி இதனை எழுதுகின்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார்க்குக் கணிப்பொறியின் மொழியைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் வினவலாம். பேச்சு எழுத்தைப் பற்றியது. எழுத்ததிகாரம் கற்றார்க்கு எழுத்தைப் பற்றிப் பேசும் உரிமை எங்கும் உண்டு என்பதே எம் விடை.

நிகழ்ந்தது இது. செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர்த் திருச்சபையில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் செல்லரித்துவந்தன. அவற்றிலுள்ள பெயர்களைக் கணிப்பொறியில் ஏற்றித் தருமாறு அவ்வூர் உபதேசியார் எம்மைக் கேட்டுக்கொண்டார். கணிப்பொறியியல் பயிலும் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சென்று, சில நூறு பெயர்களைத் தட்டெழுதி முடித்தோம். பலர் கைபட்ட ஏடு ஆதலின் பெயர்களினிடையே அடைப்புக்குறிகளும், எண்களும், முற்றுப்புள்ளிகளும், வேண்டாத இடைவெளிகளும் மலிந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குதல் பெரும்பாடு. நண்பர் புன்முறுவல் செய்து, ஜாவாஸ்கிரிப்டு என்னும் மொழியில் ஒரே ஒரு வரி எழுதினார். ‘எழுத்து அல்லாதன யாவும் நீங்குக’ என்பது அவ்வரியின் பொருள். கண்ணிமைக்கும் பொழுதில் அடைப்புகள் நீங்கின, எண்கள் நீங்கின, புள்ளிகளும் நீங்கின. அந்தோ! முற்றுப்புள்ளியோடு மெய்யெழுத்தின் புள்ளியும் நீங்கியது.

மரியம்மாள் ‘மரயமமள’ ஆனார். செங்கல்பட்டு ‘சஙகலபடட’ ஆயிற்று. மறைமலைநகர் ‘மறமலநகர’ ஆயிற்று. இவை கண்டு முதலில் நகைத்தோம். பின்னரே நகைத்தற்குரியதன்று என்பது விளங்கிற்று. மேரி என்பவரும் ‘மர’; மாரி என்பவரும் ‘மர’. செல்வியும் செல்வாவும் ‘சலவ’. தாயின் பெயர்ப் பத்தியிலிருந்த ஒருவரும் மகளின் பெயர்ப் பத்தியிலிருந்த மற்றொருவரும் ஒரே பெயரினர் ஆயினர். உபதேசியார் கண்ணாடியை உயர்த்திப் பட்டியலை நோக்கி, “பிள்ளைகளே, புள்ளி இடாத பழங்கையெழுத்தைக்கூட யான் படித்துவிடுவேன், இதனைப் படிக்க என்னால் ஆகவில்லை” என்றார். அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது. நண்பரோ தூய்மை செய்த பட்டியலை மூலப்பட்டியலின்மேலேயே சேமித்துவிட்டிருந்தார். மையால் எழுதிய ஏடு இருந்தமையால் பிழைத்தோம். மூன்று நாள் மீண்டும் இருந்து தட்டெழுதினோம்.

இனி, இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது என்பதனை ஆராய்வோம். தமிழ் எழுத்துகள் 247 என்று சிறுவரும் அறிவர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. உலக மொழிகள் பலவற்றின் எழுத்துகட்கும் எண்கொடுத்து வைத்திருக்கும் யூனிக்கோடு என்னும் குறியீட்டு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. க, ங, ச என்னும் அகரமேறிய வடிவங்கள் எழுத்துகளாக வைக்கப்பட்டன. கால், கொம்பு, விசிறி முதலியனவும் புள்ளியும் எழுத்தைச் சார்ந்து நிற்கும் குறிகள் எனப் பிறிதொரு வகையில் வைக்கப்பட்டன. நம் இலக்கணமோ ககர மெய்யோடு அகரம் கூடிக் ‘க’ ஆகும் என்கின்றது. பொறியின் கணக்கிலோ ‘க’ என்பதனோடு 3021 என்னும் எண்ணுடைய புள்ளி கூடினால்தான் மெய் பிறக்கும். இலக்கணத்திற்கு முதலாவது பொறிக்கு முடிவாயிற்று. ‘கல்வி’ என்னும் சொல்லை நாம் மூன்றெழுத்து என்போம். ஜாவாஸ்கிரிப்டினிடம் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும்.

நண்பர் எழுதிய வரி ‘எழுத்து’ என்னும் வகையை மட்டும் காத்து, ஏனையவற்றை நீக்கச் சொல்லியது. குறிகள் வேறு வகையாதலின் அவையெல்லாம் களையெனக் கருதப்பட்டுக் களையப்பட்டன. கணக்கிட்டுப் பார்த்தோம். உயிர் 12, அகரமேறிய உயிர்மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளே இவ்வரியினின்று ஊறின்றித் தப்பும். எஞ்சிய 216 எழுத்துகளும் சிதையும். பொறி நம் சொல்லை மீறவில்லை. சொன்னதனைச் சொன்னவாறே செய்தது. பிழை சொன்னவரிடத்தது.

ஆயினும் நண்பர் ஒருவரையே குறைகூறுதல் முறையன்று. ஜாவாஸ்கிரிப்டு 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப்பு நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் ஏறத்தாழப் பத்து நாட்களில் முதல்வடிவம் பெற்ற மொழி. அதில் ‘சொல்லெழுத்து’ என்று பொருள்படும் ஒரு சுருக்கக் குறி உண்டு. அஃது எவற்றைக் குறிக்கும் எனின், ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்ணுரு 10, அடிக்கோடு 1 ஆக 63 உருக்களை மட்டுமே குறிக்கும். தமிழின் ஓரெழுத்தும் அதனுள் இல்லை. அக்குறியை நம்பித் தூய்மை செய்தால் தமிழ்ப் பெயர் சிதைவதுமில்லை, முழுவதும் மறைந்தேபோகும். ஒரு வலைப்படிவத்தில் எம் பெயரைத் தமிழில் நிரப்பி அனுப்பியபோது ‘பெயரை நிரப்புக’ என்ற விடையே மும்முறை வந்ததன் காரணம் எமக்கு இப்பொழுதுதான் புலனாயிற்று. யாம் எழுதினோம், இடையிலிருந்த ஒரு வரி எம் பெயரைக் குப்பையென்று துடைத்துவிட்டது.

2018ஆம் ஆண்டின் பதிப்பு முதல் இக்குறை தீர வழி பிறந்தது. யூனிக்கோடு வகுத்த வகைகளின் பெயரைச் சொல்லியே எழுத்துகளைக் குறிக்கலாம் என்பது அவ்வழி. எழுத்துவகைக்கு ‘எல்’ என்றும், குறிவகைக்கு ‘எம்’ என்றும், எண்வகைக்கு ‘என்’ என்றும் பெயர். இம்மூன்றனோடு இடைவெளியையும் சேர்த்து ‘இவை அல்லாதன நீங்குக’ என்று சொன்னால் தமிழ் தமிழாகவே நிற்கும். ‘எம்’ என்னும் ஓரெழுத்தை விட்டதனாலேயே மரியம்மாள் தம் பெயரை இழந்தார். இவ்வகைப்பெயர்கள் பொருள்பட வேண்டுமாயின் வரியின் இறுதியில் ‘யு’ போன்ற கொடி இருத்தல் வேண்டும். அஃதின்றேல் பொறி அவற்றை வகைப்பெயர் என்று உணராது வெறும் எழுத்துகளாகக் கொண்டுவிடும். ‘ஜி’ என்னும் கொடி இல்லையேல் முதலிற் கண்ட ஒரு களையை மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடும்.

சிறு புள்ளிக்காக இத்துணை ஆரவாரமா என்பார்க்கு நம் ஏட்டுவரலாறே விடை கூறும். மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. பின்வந்த ஏடெழுதுவோர் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விடுத்தனர் என்பர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் ஏட்டில் மறைந்தது. விளைவு யாது? படிப்போன் இடம் நோக்கி ஊகித்துக் கொள்ளவேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்து அவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தார். அயல்நாட்டினின்று போந்த அத்துறவி தமிழில் ஒரு சிறு சுழியைக் கூட்டி நமக்கு ஒளி தந்தார். நாமோ நம் நாட்டிலிருந்தே ஒரு வரி எழுதி எல்லாச் சுழியையும் அழிக்கின்றோம்! ஏட்டில் புள்ளி மட்டுமே இல்லை. காலும் கொம்பும் இருந்தன. ஆதலின் உபதேசியார் கூறியதில் மிகையில்லை. ஏட்டினும் கடையாகிய நிலைக்கு எழுத்தைக் கொண்டுசெல்ல நம் காலத்துப் பொறிக்கு ஒரு நொடி போதும்.

இவ்விடத்தில் தனித்தமிழ்ப் பற்றுடைய நண்பர் ஒருவர் எழுப்பிய வினாவையும் கூறவேண்டும். “பொறிக்கு இத்துணை ஆற்றல் உண்டாயின் ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளை ஒரே வரியில் தமிழினின்று நீக்கிவிடலாமே! மறைமலையடிகள் விரும்பியதும் அதுதானே?” என்றார். அடிகள் பெயரால் அமைந்த ஊரின் அருகிலிருந்தே இவ்வினா எழுந்தமையின் இதற்கு விடை கூறாது செல்லல் தகாது.

சென்னையினின்று செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடரில் ஏறுவோர் அடிகளின் வாழ்வையே கடந்து செல்கின்றனர் எனலாம். அவர் வாழ்ந்து 1950இல் மறைந்த பல்லாவரம் முதலில் வரும். 1898 முதல் 1911 வரையில் அவர் தமிழாசிரியராக விளங்கிய சென்னைக் கிறித்துவக் கல்லூரி, அக்காலத்தில் நகரினுள் இருந்து 1937இல் இடம்பெயர்ந்த தாம்பரம் அடுத்து வரும். அதற்கும் அப்பால் அவர் பெயர் தாங்கிய நகரம் வரும். அவர் இயற்பெயர் வேதாசலம். இப்பெயரை ஊன்றி நோக்குக. இதன்கண் கிரந்த எழுத்து ஒன்றேனும் உண்டோ? இல்லை. எழுத்தை நீக்குதலே தனித்தமிழ் ஆயின் அவர் பெயரை மாற்ற வேண்டியதே இல்லை. அவர் செய்தது யாது? வேதம் என்பதற்கு மறை என்றும், அசலம் என்பதற்கு மலை என்றும் பொருளறிந்து சொல் வைத்தார். ஞானசாகரம் என்னும் தம் இதழை அறிவுக்கடல் ஆக்கினார். ஓரெழுத்தையும் வெட்டி எறியவில்லை; ஒரு சொல்லின் இடத்தில் நிகரான மற்றொரு சொல்லை நிறுத்தினார்.

நம் இலக்கண நூலாரும் இவ்வாறே செய்தனர். வடசொல்லைத் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்தை விடுத்துத் தமிழெழுத்தால் எழுதுக என்றார் தொல்காப்பியர். எவ்வெழுத்துக்கு எவ்வெழுத்து என நன்னூலார் விரித்துரைத்தார். புஷ்பம் புட்பம் ஆகும். ஹரி அரி ஆகும். ஜகரம் மொழிமுதலில் சகரமாகி ஜயம் சயம் ஆகும். மொழியிடையில் யகரமாகிப் பங்கஜம் பங்கயம் ஆகும். ஓரெழுத்துக்கே இடம் நோக்கி இருவேறு மாற்று! இதனை வெறும் நீக்கம் என்று எவரேனும் கூறுவரோ? ஜாவாஸ்கிரிப்டில் இதற்கெனப் பயன்படும் ‘ரிப்ளேஸ்’ என்னும் செயலியும் இரண்டு பொருள்களைக் கேட்கின்றது. ஒன்று, எதனை எடுப்பது. மற்றொன்று, அவ்விடத்தில் எதனை வைப்பது. இரண்டாவதற்கு விடையாக ஒன்றுமில்லாத வெற்றிடத்தைக் கொடுப்பதே நாம் ‘நீக்கம்’ என்று சொல்வது. இரண்டாம் வினாவுக்கு விடை தேடும் உழைப்பை வெறுத்தவனே வெற்றிடத்தை நாடுகின்றான் என்பது எம் துணிபு.

நண்பர் சொன்னவாறே கிரந்தத்தை நீக்கிப் பார்த்தோம். ஜோசப் என்பவர் பெயரில் முதலெழுத்துப் போய், அதனைச் சார்ந்திருந்த ஓகாரக் குறி தாங்குவாரின்றி நின்றது. ஸ்டெல்லா என்னும் பெயரின் தலையில் மெய் இழந்த புள்ளி ஒன்று மட்டும் மிதந்தது. அதற்கு இடம் காட்டுவதற்காகத் திரை ஒரு பொய்வட்டத்தை வரைந்தது. தமிழ் வேதாகமத்தில் அதே ஜோசப் யோசேப்பு என்றும், ஜான் யோவான் என்றும் வழங்கக் காண்கின்றோம். அறிஞர் பலர் அமர்ந்து ஆராய்ந்து அமைத்த வடிவங்கள் அவை. மேலும் ஒருவர் பெயர் அவருடைய உடைமை. அதனைத் தமிழாக்கிக் கொள்ள விரும்புவோர் அடிகளைப்போலத் தாமே செய்துகொள்ளலாம். பிறர் பெயரைக் கேளாது குறைக்கும் உரிமை எப்பொறிக்கும் இல்லை, அதனை ஏவுவோர்க்கும் இல்லை. அன்றியும், ஜாவாஸ்கிரிப்டு என்னும் பெயரையே கிரந்தமின்றி இம்மலரில் யாம் எழுதக்கூடவில்லை. சாவா என்று எழுதலாம் எனின் அஃது இறவாதது என்று பொருள்பட்டு அம்மொழிக்கு அளவிறந்த புகழைத் தந்துவிடும்!

பிழையெல்லாம் யூனிக்கோட்டின்மேலது, 247 எழுத்துக்கும் தனியிடம் தந்திருந்தால் இவ்விடர் இல்லை என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் இன்று உலகெங்கும் தமிழ் ஓடும் வாய்க்கால் அதுவே. வாய்க்கால் வளைந்து வெட்டப்பட்டது என்று சொல்லிக்கொண்டு பயிரைக் காயவிடுதல் அறிவுடைமையாகாது. அவ்வாய்க்காலின் வளைவறிந்து நீர் பாய்ச்சுவதே நம் கடன்.

ஆதலின், இத்தொழிலில் இறங்கும் நண்பர்கட்கு யாம் கண்ட சில நெறிகளைக் கூறி அமைகின்றோம்.

முதலாவது, நீக்க வேண்டுவதனைப் பட்டியலிடுமுன் காக்க வேண்டுவதனைப் பட்டியலிடுக.

இரண்டாவது, தோற்றம் ஒன்றாயிருப்பன யாவும் ஒன்றென எண்ணற்க. ‘கொ’ என்பதன் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம்; கொம்பும் காலுமாக ஈரெண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு வேறு. ‘நார்மலைஸ்’ என்னும் செயலியால் முதலில் ஒருநிலைப்படுத்தி, அதன்பின் தூய்மை செய்க.

மூன்றாவது, கண்ணுக்குப் புலனாகாத களையும் உண்டு. ஓரங்களைச் செப்பனிடும் ‘டிரிம்’ என்பது இரு முனைகளிலும் உள்ள வெளிகளை நீக்கும், இடையிலுள்ளதைத் தொடாது. 8203 என்னும் எண்ணுடைய அகலமற்ற இடைவெளியை முனையிலும் அது காணாது. அதனை எண் சொல்லியே நீக்கவேண்டும். அதனை அடுத்த 8204 என்பது எழுத்தைப் பிரித்து நிறுத்தும் குறி. ரிக்ஷா என்பதில் ககர மெய்யும் ஷகரமும் கூட்டெழுத்தாகாதபடி சிலர் அதனை வேண்டுமென்றே இடுவர். எழுத்தையும் குறியையும் எண்ணையும் வெளியையும் மட்டும் காக்கும் வரி இதனையும் நீக்கிவிடும். தேடுதற்குரிய படியில் நீக்கலாம், மூலத்தில் நீக்கற்க.

நான்காவது, முற்றுப்புள்ளியும் எப்பொழுதும் களையன்று. உ.வே.சா. என்பதில் அதனை நீக்கினால் ‘உவேசா’ என்னும் பொருளற்ற ஒரு சொல் பிறக்கும். இத்தகைய இடங்களில் வெற்றிடம் வையாது இடைவெளியேனும் வைக்க.

ஐந்தாவது, மூலத்தைக் காக்க. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சரம் தானே மாறுவதில்லை. தூய்மை செய்த புதிய சரம் ஒன்றே கையில் வரும், பழையது பழையவாறே இருக்கும். மொழி தந்த இந்நன்மையை நாமே பழையதன்மேல் எழுதிக் கெடுத்தோம். 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் ஏடுகளிற் கண்ட பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்த பண்பு நமக்கு வழிகாட்டுவதாக. தமக்கு விளங்காததனை அவர் குப்பை என்று கருதினாரல்லர்.

ஆறாவது, முடிந்த பட்டியலை அப்பெயர்களை அறிந்த ஒருவர் கண்முன் வைக்க. எம் பிழையைக் கண்டுபிடித்தது பொறியன்று. பெயர்க்குரியாரை முகம் அறிந்த முதியவர்.

நம் கல்லூரியில் தமிழ் வகுப்பும் கணிப்பொறி வகுப்பும் வெவ்வேறு மாடிகளில் நடைபெறுகின்றன. இருவரும் ஒரு பலகையில் அமர்ந்து உரையாடும் நாள் அரிது. புள்ளியின் இயல்பறிந்தார்க்கு வரி எழுதத் தெரிவதில்லை. வரி எழுதத் தெரிந்தார்க்குப் புள்ளியின் இயல்பு தெரிவதில்லை. இடையில் அகப்பட்டு அழிவது மேரியின் பெயரும் மாரியின் பெயருமே. வாக்காளர் பட்டியலிலும், நிலப்பதிவிலும், மருத்துவச் சீட்டிலும் ஒருவர்க்குப் பெயர் இன்றியமையாத அடையாளம். அதனை எழுதும் எழுத்து சிதைந்தால் அவருக்குரியதும் பிறர் கைக்குச் செல்லும். ஆதலின் இஃது எழுத்தாராய்ச்சி மட்டுமன்று, அறத்தின்பாற்பட்டதும் ஆகும்.

அச்சிற்றூர்ப் பட்டியல் இப்பொழுது செவ்வனே முடிந்துள்ளது. உபதேசியார் அதனை முதலிலிருந்து இறுதிவரை உரக்கப் படித்தார். ஒவ்வொரு பெயரிலும் புள்ளி இருந்தவிடத்தில் அவர் நா நின்றது. கால் இருந்தவிடத்தில் நீண்டது. யாமும் எம் நண்பரும் அருகிருந்து கேட்டோம். பயிர் இன்னது என்பதனை அன்றே முழுதும் அறிந்தோம். நண்பர்காள், நீவிரும் பயிரறிந்து களை எடுப்பீராக.